சிஸ்டர் பதில்கள்: தேதி கிழிக்காத காலண்டர்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் தூக்கம் வரவில்லை, மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பையன் செல்போனைக் கீழே வைப்பதில்லை என்று எழுதுகிறவர்கள், வானம் இருட்டியதும் வேறொன்றை எழுதுகிறார்கள். இந்த மாதம் வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: என்றோ நடந்து முடிந்தது முடியாமல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில். மருமகள் விவகாரங்கள் ஒரு மாதம் காத்திருந்தால் கெட்டுப்போகாது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் மருத்துவர் அல்ல. 31 ஆண்டு வார்டில் நின்ற செவிலி, அதில் 18 ஆண்டு மனநலப் பிரிவில். நேரில் பார்க்காமல் எவருக்கும் நோயின் பெயர் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சிஸ்டர், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர் வந்தது. மாமியார், நான், அப்போது நான்கு வயதான என் மகள், மூவரும் மொட்டைமாடியில் இரண்டு இரவு இருந்தோம். கணவர் திருப்பூரில் வேலையில் இருந்தார். கீழே இருட்டில், எனக்குச் சீராக வந்த பித்தளை அண்டா மிதந்து சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. டங், டங் என்று விடிய விடிய அந்தச் சத்தம். இப்போது எவர் வீட்டிலாவது பாத்திரம் விழுந்தால்கூட உடம்பு நடுங்கிவிடுகிறது. நினைவு வருகிறது என்று சொல்ல முடியாது சிஸ்டர், நான் அங்கேயே போய்விடுகிறேன். காலில் ஈரம் தெரிகிறது. போன வாரம் கோயிலில் மணி அடித்தபோது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மண்டபப் படி ஏறி நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. கோட்டி பிடித்துவிட்டது என்று தெருவில் பேசுகிறார்கள். "வெள்ளம் வடிந்து எவ்வளவு நாளாயிற்று, இன்னுமா?" என்கிறார் கணவர்.
(பெயர் வேண்டாம், ஸ்ரீவைகுண்டம் வட்டாரம்)

பதில்: அம்மா, முதலில் தெருக்காரர்களுக்கு: இது கோட்டி இல்லை. தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவது புத்தி தெளிவாக உள்ளவர்கள் செய்யும் காரியம். உங்கள் உடம்பு அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. தப்பு ஒன்றே ஒன்று, அன்றைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்குச் செய்கிறது.

"நினைவு வருகிறது என்று சொல்ல முடியாது, நான் அங்கேயே போய்விடுகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுத்த காலத்தில் இந்த வரி கிடைத்திருந்தால் அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும். இரண்டும் வேறு வேறு. வெள்ளத்தைப் பற்றி எனக்கும் நினைவு இருக்கிறது. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோயிற்று. இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஆனால் நான் பாளையங்கோட்டையில் என் நாற்காலியில்தான் இருக்கிறேன். இந்த நினைவுக்குத் தேதி உண்டு, ஊர் உண்டு, "முடிந்தது" என்ற முத்திரை உண்டு. உங்கள் அண்டாவின் சத்தத்துக்கு அந்த முத்திரை விழவில்லை. வீட்டில் தினசரி காலண்டர் தொங்குமே, அதில் ஒரு தாள் மட்டும் கிழிபடாமல் ஒட்டிக்கொண்ட மாதிரி. எந்த நாள் கிழித்தாலும் உள்ளே டிசம்பர் 17 நிற்கிறது.

ஏன் இப்படி ஆகிறது? நடந்ததற்கு இடமும் நேரமும் குறித்து அடுக்கிவைக்கும் பகுதி ஒன்று மூளையில் உண்டு. ஹிப்போகேம்பஸ் என்பார்கள். ஆபத்து என்று அலறும் பகுதி வேறு, அதன் பெயர் அமிக்டலா. உயிர்ப் பயத்தில் அலறல் உச்சத்துக்குப் போகும்போது, தேதி போடுகிற குமாஸ்தா பேனாவைக் கீழே போட்டுவிடுகிறார் என்பதே ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். அதனால் சத்தம், வாசனை, காலில் பட்ட ஈரம் எல்லாம் கட்டுப்படாத தாள்களாகக் கிடக்கின்றன. பின்னால் அதைப்போன்ற ஒரு சத்தம் கேட்டால் போதும், தாள் பறந்து முகத்தில் ஒட்டுகிறது. அண்டா ஒரு பாவமும் அறியாது. அந்த நேரத்தில் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது. வெளிநாட்டுப் புத்தகங்களில், கண்ணில் படுவது ஐந்து, தொடக்கூடியது நான்கு, கேட்பது மூன்று, முகர்வது இரண்டு, ருசிப்பது ஒன்று என்று எண்ணச் சொல்வார்கள். நல்ல முறைதான். ஆனால் எங்கள் வார்டில் இருந்த ஓர் அம்மாள், "நடுக்கத்தில் எண்ணிக்கை தப்பிவிடுகிறது சிஸ்டர், அதுவே இன்னொரு பயமாகிவிடுகிறது" என்றார். அதன்பிறகு நான் சுவரில் ஒரு தினசரி காலண்டரை மாட்டிவைத்தேன். வந்தால் உடனே எழுந்து அதன்முன் நின்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். தேதி, தமிழ் மாதம், கிழமை, நல்ல நேரம். "வியாழக்கிழமை, ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று, சூலம் தெற்கு, பரிகாரம் தைலம்." தாளின் அடியில் அச்சடித்திருக்கும் பொன்மொழி வரை விடாமல் படிக்க வேண்டும். ராகுகாலத்தில் நம்பிக்கை வேண்டும் என்பதில்லை, எனக்கே கிடையாது. வாய் இன்றைய தேதியைச் சொல்லும்போது காது அதைக் கேட்கிறது, உடம்பு மெல்ல இந்த நாளுக்கு வந்து சேர்கிறது. வெளியே போகும்போது அன்றைய தாளைக் கிழித்து மடித்து மணிபர்சில் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் மணி அடித்தால் அதைப் பிரித்துப் படிக்கலாம்.

மூச்சுப் பயிற்சியும் சொல்வார்கள்: நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது. சிலருக்கு நன்றாக உதவும். ஆனால் தண்ணீரில் மூச்சு முட்டியவர்களில் சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பயத்தைக் கிளப்பும். அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணை மூடித் தியானம் செய் என்று யார் சொன்னாலும் இப்போதைக்கு வேண்டாம். மூடிய கண்ணுக்குள் படம் இன்னும் தெளிவாக ஓடும். கண்ணைத் திறந்து, காலைத் தரையில் நன்றாக ஊன்றி, தரை காய்ந்திருக்கிறதா என்று உள்ளங்காலால் தடவிப் பாருங்கள். உங்களுக்கு அது முக்கியம்.

அப்புறம் அந்த அண்டா. அது இன்னும் வீட்டில் இருக்கிறதா, பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிட்டீர்களா? இருக்கிறது என்றால், ஒரு நாள் நல்ல வெயிலில், முற்றத்தில், துணைக்கு ஆள் இருக்கும்போது, அதைக் காலியாக வைத்து உங்கள் கையாலேயே மெதுவாகத் தட்டுங்கள். அன்று, இன்று என்று இரண்டையும் வாயால் ஒப்பிடுங்கள். அன்று இருட்டு, இன்று வெளிச்சம். அன்று அதைத் தொட யாருமில்லை, இன்று தட்டுவது என் கை. அன்று நிறுத்த முடியவில்லை, இன்று நான் கையை எடுத்தால் நிற்கிறது. அதே சத்தத்துக்குப் புதிய தேதி ஒன்றை நீங்களே போடுகிறீர்கள். நடுக்கம் தாங்க முடியாமல் வந்தால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் போனபிறகு தொடருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற பந்தயம் இல்லை இது.

மருத்துவரிடம் போக வேண்டுமா? வேண்டும். பயங்கரமான ஒன்று நடந்த பிறகு முதல் சில வாரங்கள் இப்படி வருவது பெரும்பாலோருக்கு இயல்பு, தானாகவே அடங்கும். மாதக்கணக்கில் நீடித்து, ஓடவைத்து, கோயிலுக்குப் போகவிடாமல் செய்தால் பார்த்தே ஆக வேண்டும். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிப் பெயர் கொடுத்துச் சேர்த்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை அதற்கு ஒரு பெரிய காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அது மூன்றைப் பார்க்கச் சொல்கிறது: நடந்தது இப்போது நடப்பதுபோல் வருவது, அதை ஞாபகப்படுத்துகிறவற்றை விட்டு விலகி ஓடுவது, ஆபத்து இன்னும் பக்கத்தில் இருப்பதுபோல் எந்நேரமும் விழிப்பாக இருப்பது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபர் முதல் நடக்கிறது, காசு இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

உங்கள் கணவருக்கு: தம்பி, நீங்கள் திருப்பூரில் இருந்தீர்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டவர் அவர். "இன்னுமா?" என்று கேட்பதற்குப் பதில், அவர் அங்கே போய்விட்டார் என்று தெரிந்தால் எதிரே வந்து நில்லுங்கள். பின்னாலிருந்து பிடித்து உலுக்காதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நம் வீட்டுத் தார்சாவில் நிற்கிறாய், நானும் இருக்கிறேன், இன்றைக்கு இன்ன கிழமை, தரை காய்ந்திருக்கிறது" என்று சொல்லுங்கள். அவ்வளவே. முடிந்தபிறகு உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும், படுக்க விடுங்கள். சமையலை அன்று நீங்கள் பாருங்கள், செத்துப்போக மாட்டீர்கள்.

மகளையும் கவனியுங்கள். பொம்மைகளை மாடியில் ஏற்றிவைத்து வெள்ள விளையாட்டு விளையாடினால் திட்ட வேண்டாம். பிள்ளைகள் பேசுகிற மொழி அது. ஒரே விளையாட்டு மாதக்கணக்கில் மாறாமல், சிரிப்பில்லாமல் நடந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: சிஸ்டர், நான் 22 ஆண்டாக லாரி ஓட்டுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு, விடிவதற்குள், காவல்கிணறு பக்கம் நான்குவழிச் சாலையில், தப்பான பாதையில் எதிரே வந்த மோட்டார் சைக்கிள் என் வண்டியில் மோதிவிட்டது. தோவாளையிலிருந்து பூ எடுத்துக்கொண்டு வந்த வியாபாரி. அங்கேயே இறந்துவிட்டார். மூட்டை வெடித்து ரோடு முழுக்கப் பிச்சிப்பூ. என்மேல் தப்பில்லை என்று வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் பிச்சிப்பூ வாசம் பட்டால் எனக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்த ரோடு தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை மனைவி தலையில் வைத்திருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. அவள் இரண்டு நாளாகப் பேசவில்லை. நினைக்கவே கூடாது என்று இருக்க இருக்க அதிகமாக வருகிறது. தூங்க வேண்டுமானால் குவார்ட்டர் தேவைப்படுகிறது.
(லாரி ஓட்டுநர், வள்ளியூர் பக்கம்)

பதில்: தம்பி, கடைசியிலிருந்து தொடங்குகிறேன். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் சிலரை உட்காரவைத்து, வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணி அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, இப்போது நினைக்கலாம் என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. நினைக்காமல் இருக்க வேண்டுமானால், நினைக்கிறோமா என்று அடிக்கடி உள்ளே எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்க்கிற இடத்தில் கரடி நிற்கிறது. உங்களுக்கு ரோடு நிற்கிறது. ஆக, பல்லைக் கடிப்பதை விடுங்கள். வந்தால், "வந்துவிட்டது, இது அன்றைக்கு உள்ளது" என்று சொல்லி, கையில் இருக்கிற வேலையைத் தொடருங்கள். வரவேற்கவும் வேண்டாம், கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம்.

ஆனால் ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது இந்த உபதேசம் செல்லாது. ரோடு மறைந்து வேறு ரோடு தெரிகிறது என்றால் வண்டியை ஓரம் கட்டி, விளக்கைப் போட்டுவிட்டு இறங்கி நில்லுங்கள். சிகிச்சை ஆரம்பித்துக் கொஞ்சம் அடங்கும்வரை இரவு ஓட்டத்தைத் தவிர்க்க முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள். காரணம் சொல்லக் கூச்சமாக இருந்தால் கண் சரியில்லை என்று சொல்லுங்கள். பொய்தான், பாதகமில்லை.

குவார்ட்டர் தூங்கவைக்காது, மயக்கும். போதை இறங்குகிற பின்னிரவில் கனவு கூடுதலாக வரும். அந்த நேரம்தான் உங்கள் விபத்தின் நேரமும். மெடிக்கல் கடையில் யாரோ சொன்னார் என்று தூக்க மாத்திரை வாங்குவதும் அதே கதைதான். இப்படிப்பட்ட அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அந்தவகை மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2013-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பிறகும் அவை வழக்கமாகிவிடும் என்பதுதான் கவலை.

"என்மேல் தப்பில்லை என்று வழக்கு முடிந்துவிட்டது" என்று எழுதி, உடனே "ஆனால்" போட்டிருக்கிறீர்கள். அந்த "ஆனால்"-க்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். ஹாரன் அடித்திருந்தால், டீக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றிருந்தால். நடந்து முடிந்த பிறகு தெரிந்ததையெல்லாம் நடப்பதற்கு முன்பே தெரிந்ததுபோல் வைத்து உங்களையே விசாரிக்கிறீர்கள். கோர்ட்டில்கூட அப்படி விசாரிப்பதில்லை. இதை ஒரு மனநல ஆலோசகரிடம் வரிசையாகப் பேச வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தனியாகச் சுமக்கிற எடை இல்லை.

பூவுக்கு வருகிறேன். நம் ஊரில் பிச்சிப்பூ இல்லாத இடம் எது? கல்யாணம், கோயில் கொடை, சாவு வீடு, பஸ்ஸில் முன் இருக்கை. பூவை விட்டு விலகுவது என்று முடிவெடுத்தால் நீங்கள் லாரியின் கேபினுக்குள்ளேயே குடியிருக்க வேண்டியதுதான். விலக விலகப் பயம் பெரிதாகும். சிகிச்சையில் இதைப் படிப்படியாகச் செய்வார்கள்: முதல் நாள் தூரத்தில் ஒரே ஒரு மொட்டு, பிறகு மேஜையில், பிறகு உள்ளங்கையில். பயம் ஏறி, உச்சத்தில் நின்று, தானாக இறங்குவதை உடம்பு கண்ணால் காண வேண்டும். விபத்து நடந்த இடத்துக்குப் போய் நிற்கிற வேலையெல்லாம் சிகிச்சையாளர் சொல்லாமல் செய்யாதீர்கள்.

அதற்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. வீட்டுக்குப் போய் இதைச் சொல்லுங்கள்: "பூவைப் பிடுங்கினது உன்மேல் கோபத்தில் இல்லை. அன்றைக்கு ரோட்டில் கிடந்தது இந்தப் பூதான்." மீதியைச் சொல்ல முடியாவிட்டால் சொல்ல வேண்டாம். இரண்டு நாளாகப் பேசாத பெண் தன்னிடம் என்ன குறை என்று தேடிக்கொண்டிருப்பார், அந்தத் தேடலை நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டால் மனம் லேசாகிவிடாதா?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: கொட்டித் தீர்ப்பது எச்சில் இலை விஷயத்தில் சரி. சம்பவம் நடந்த கையோடு பாதிக்கப்பட்டவர்களை வட்டமாக உட்காரவைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. பின்னால் பிடித்து வருகிற கோளாறை அது தடுக்கவில்லை என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். பேச விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் சூடாகச் சாப்பாடு போடுங்கள்.

கேள்வி: சிஸ்டர், என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். யாராவது பின்னாலிருந்து தொட்டால் அப்படியே உறைந்து நிற்கிறாள். கண் திறந்திருக்கிறது, கூப்பிட்டால் கேட்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். வலிப்பு இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். குறிப்பிட்ட ஓர் உறவினர் வந்தால் மட்டும் அறைக்கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். பயந்த கோளாறு, கொண்டுபோய் மந்திரித்துவிடலாம் என்கிறார் என் மதினி. நான் மகளிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?
(ஒரு தாய், சங்கரன்கோவில்)

பதில்: தங்கச்சி, ஒன்றும் கேட்காதீர்கள்.

நான் ஊகிப்பதை அச்சில் எழுத மாட்டேன். ஆனால் அந்த உறவினர் இனி உங்கள் வீட்டுக்கு வர வேண்டியதில்லை. யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. வீட்டில் வெள்ளை அடிக்கிறோம் என்று சொல்லுங்கள், வருடம் முழுக்க அடியுங்கள். இதை உங்கள் மகள் பார்ப்பாள். ஆயிரம் கேள்விகளைவிட அது அவளிடம் அதிகம் பேசும்.

பிறகு ஒரு நாள், முகத்துக்கு நேரே உட்கார்ந்து அல்ல, கீரை ஆயும்போதோ பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதோ, "நீ எப்போது சொன்னாலும் நான் நம்புவேன், சொல்லாவிட்டாலும் உன் பக்கம்தான்" என்று ஒரு முறை சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். அவள் பேசத் தொடங்கினால், "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள், ரத்தம் வந்தாலும் சரி.

உறைந்து நிற்பது நடிப்பு இல்லை. பெரிய பயத்தில் உடம்புக்கு ஓடுவது, எதிர்ப்பது தவிர மூன்றாவதாக ஒரு வழி உண்டு: அசையாமல் நின்றுவிடுவது. பல்லி செய்கிறதே, அதுபோல. ஓடவும் எதிர்க்கவும் முடியாத இடத்தில் ஒரு முறை அது கைகொடுத்திருந்தால் பிறகும் அதையே பிடித்துக்கொள்ளும். அவள் அப்படி நிற்கும்போது தொடாதீர்கள். எதிரே வந்து மெல்லப் பெயர் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர் டம்ளரைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள், அவளே எடுக்கட்டும்.

மதினிக்கு: திருநீறு பூசட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் ஆச்சி பூசாத திருநீறா. ஆனால் வேப்பிலையால் அடிப்பது, முடியைப் பிடித்து ஆட்டுவது, நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பது, இதில் எது நடந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அது மறுபடியும் நடப்பதாகவே இருக்கும். மனநல மருத்துவரிடம் கொண்டுபோங்கள், முடிந்தால் பெண் மருத்துவர், உள்ளே அவள் தனியாகப் பேசட்டும். அவள் சொல்வது 18 வயதுக்கு முன் நடந்ததாக இருந்தால் 2012-ன் போக்சோ சட்டம் அதற்கு இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. அதில் எப்போது, எப்படி இறங்குவது என்பதை அவளோடு பேசி முடிவெடுங்கள். அவளுக்குத் தெரியாமல் குடும்பப் பஞ்சாயத்து கூட்டுவது கூடவே கூடாது.

கேள்வி: கண்ணை இடமும் வலமும் அசைத்தால் கெட்ட நினைவு போய்விடும் என்று ஒரு சிகிச்சை இருக்கிறதாமே, உண்மையா, ஏமாற்றா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி நகரம்)

பதில்: ஏமாற்று இல்லை. பிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1987-ல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது தன் அனுபவத்தில் கவனித்ததிலிருந்து உருவாக்கியது, இ.எம்.டி.ஆர். என்று பெயர். கெட்ட நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வேண்டும். பலன் இருக்கிறது என்பதால் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. கண் அசைவதால்தான் பலனா, நினைவை நிதானமாக எடுத்துப் பார்ப்பதால் பலனா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. முறைப்படி பயிற்சி பெற்றவரிடம் மட்டும் போங்கள். யூடியூப் பார்த்து அறையில் உட்கார்ந்து கண்ணை உருட்டினால் தலைதான் சுற்றும்.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டால் மறந்துவிடுமா? பிறகு ஆயுள் முழுக்க மாத்திரைக்கு அடிமையாக வேண்டுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: சார், மறக்கவைக்கிற மாத்திரை கிடையாது. செர்ட்ரலின், பராக்ஸ்டின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். அவை பயத்தின் சுருதியைக் குறைக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், பத்தாம் நாளே பயனில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தூக்க மாத்திரைபோல் இவற்றுக்கு அடிமையாக மாட்டீர்கள். ஆனால் நிறுத்தும்போது மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

மறப்பது பற்றிக் கேட்டீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, தீக்காய வார்டில் இரவுப் பணி. மண்ணெண்ணெயில் எரிந்த ஒரு பெண், இருபது வயது இருக்கும். வலிக்கு ஊசி போட்டிருந்தது. இரவு முழுக்க என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மணி என்ன சிஸ்டர்?" நான் வாட்சைப் பார்த்துச் சொல்வேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்பாள். காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்பது நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு பல வருடம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும்போதெல்லாம், நான் கேனைக் கீழே வைத்துவிட்டு இடது மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிற்பேனாம். வாட்ச் கட்டாத நாளிலும். பின்னால் நிற்கிறவர் தோளைத் தட்டினால்தான் வரிசை நகர்ந்தது தெரியும். தலைசுற்றல் என்று நினைத்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். மனநலப் பிரிவுக்கு மாற்றலாகி, வேறொருவருக்காக மருத்துவர் விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டபோதுதான் எனக்குச் சுரீர் என்றது.

அந்த மருத்துவரிடமே போய்ச் சொன்னேன். அவர் வாரம் ஒரு முறை அந்த இரவை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஆறு மணிக்குப் பத்து நிமிடத்தில் நின்றுவிடுவேன். "அப்புறம்?" என்பார். அப்புறம் ஒன்றும் இல்லை என்பேன். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அப்புறம் இருந்தது. பணி மாற்றிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து, எதிர்க்கடையில் டீயும் உளுந்த வடையும் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல பசி. ஒரு பெண் என் கண்முன் செத்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை, வடை ருசியாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் அதற்குப் பிறகு உள்ளதையெல்லாம் நான் மூடிவைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

இப்போது ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போகிற வேலை எனக்கு இல்லை. போன மாதம் ஓர் உறவினர் வீட்டில் பழைய அரிக்கேன் விளக்கைத் துடைக்க எடுத்தார்கள். வாசம் வந்தது, அவளும் வந்தாள், மணி கேட்டாள். ஆறாகப் பத்து நிமிடம் இருக்கிறது என்றேன். பிறகு வார்டின் கதவு, பேப்பர் போடுகிற பையனின் சைக்கிள், டீக்கடையின் ஈர பெஞ்சு. முதல் வடைக்குச் சட்னி இருந்தது. இரண்டாவதற்குத் தீர்ந்துவிட்டதால் கடைக்காரர் சாம்பார் ஊற்றிக் கொடுத்தார்.